நழுவுவரி

எங்கள் முன்னோட்ட விழாவில் எல்லோரும் காத்திருப்பது இரண்டே இரண்டு அடிகளுக்காகத்தான். மேடையில் கறுப்புச் சட்டைக்காரர் வரப்போகிற விளையாட்டுகளை எல்லாம் காட்டி முடித்துவிட்டு, கைகூப்பி, "அவ்வளவுதான், வர்றேன்" என்று திரும்பி இரண்டடி வைப்பார். நிற்பார். எதையோ மறந்துவிட்டவர் மாதிரி தலையைச் சொறிந்துகொண்டு, "ஆங், இன்னொண்ணு இருக்கே" என்பார். அதற்குத்தான் ரசிகர்கள் ஆபீசுக்கு லீவு போட்டு, பிரியாணி வாங்கி வைத்து, நண்பர்களைக் கூட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அந்த இரண்டடியை நாங்கள் மூன்று வாரம் ஒத்திகை பார்ப்போம். தலை சொறிவதற்கு மட்டும் தனியாக ஒரு நாள்.

நான் எஸ்தர். கனல் என்ற, கண்ணாடி போல மாட்டிக்கொள்ளும் வீடியோ கேம் கருவியைத் தயாரிக்கும் கம்பெனியின் பெருங்குடி அலுவலகத்தில் பதினோரு வருடம் வேலை பார்த்தவள். விழாவில் யாருமே காத்திருக்காத ஒரு சமாச்சாரம்தான் என் பொறுப்பு. காட்சி ஓடும்போது திரையில் ஒரு வரி இருக்க வேண்டும் என்று சட்டம். "காட்டப்படும் காட்சிகள் விளையாட்டில் இடம்பெறாமல் போகலாம்." அந்த வரி.

வெட்கமாக இருக்கிறது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால் நாடகமாகத் தெரியும்.

ஆறு வருடத்துக்கு முன்னால் விழாப் பிரிவின் தலைவர் ஸ்ரீவத்சன் என் மேஜைக்கு வந்து புலம்பினார். "எஸ்தர், உன் வரி நம்ம உயிர வாங்குது. ராட்சசன் வாயத் திறக்கற நேரத்துல கீழ 'இடம்பெறாமல் போகலாம்'னு நிக்குது. எவன் முன்பதிவு பண்ணுவான்?"

"சட்டம் சரியா என்ன சொல்லுது சார்?"

"எழுத்து இவ்வளவு பெருசா இருக்கணும். காட்சி முடியற வரைக்கும் திரையில இருக்கணும். அவ்வளவுதான்."

"எங்க இருக்கணும்னு சொல்லலியே?"

"இல்ல."

நான் பேனாவைக் கடித்துக்கொண்டே சொன்னேன். அந்தப் பேனா பச்சை நிறம் என்பதுகூட ஞாபகம் இருக்கிறது. "நம்ம கண்ணாடியப் போட்டுத்தான் பாக்கறாங்க. கண் எந்தப் பக்கம் போகுதுன்னு கண்ணாடிக்குத் தெரியும். கண் போகாத பக்கமா வரிய வெச்சுட்டா?"

மனிதக் கண் ஒரு நேரத்தில் கட்டைவிரல் நகம் அளவு இடத்தைத்தான் தெளிவாகப் பார்க்கிறது. மற்றதெல்லாம் மூளை போடுகிற உத்தேசக் கணக்கு. கனல் கண்ணாடியில் ஒரு குட்டிக் கேமரா உண்டு. செலவைக் குறைக்க இடது கண்ணுக்கு மட்டும் வைத்திருந்தோம். இரண்டு கண்ணும் ஒரே இடத்தைத்தானே பார்க்கும். அந்தக் கண் இடப்பக்கம் போனால் வரி வலப்பக்கம் ஓடும். மேலே போனால் கீழே ஓடும். இமைக்கிற நேரத்தில் இடம் மாறிவிடும். திரையில் வரி முழுநேரமும் இருக்கும், சட்டப்படி பெரிய எழுத்தில் இருக்கும், ஆனால் யாராலும் படிக்க முடியாது.

அலுவலகத்தில் அதற்கு நழுவுவரி என்று பெயர் வைத்தார்கள். அந்த வருடம் எனக்குக் கண்ணாடியில் செய்த ஒரு விருது கொடுத்தார்கள். விளையாடும்போது வரும் அறிவிப்புகள், செய்திகள் எல்லாவற்றையும் பிறகு அதே முறைக்கு மாற்றினோம். ஆட்டத்தில் இருப்பவர்களைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று அதற்கு ஒரு நல்ல காரணமும் சொல்லிக்கொண்டோம்.

அடுத்தது 'தூரதேசம்'. நானூறு ஊர்கள், ஆறுகள், காடுகள், நடந்துகொண்டே இருக்கலாம் என்று சொல்லி அறிவித்த விளையாட்டு. விழாவுக்கு நான்கு மாதம் இருக்கும்போது அதில் ஏழு ஊர்தான் தயாராகியிருந்தது. பன்னிரண்டு பேர் ஒரு அறையில் உட்கார்ந்து கையைப் பிசைந்துகொண்டிருந்தோம். ஸ்ரீவத்சன்தான் எழுந்து சொன்னார்.

"காட்ட நம்மகிட்ட ஊர் இல்ல. ஆள் இருக்கு. ஒவ்வொரு வீட்லயும் யாரு யாரோட சேர்ந்து வெளையாடினாங்கன்னு பத்து வருஷமா சேமிச்சு வெச்சிருக்கோம். எப்படித் திரும்புவாங்க, எப்படிக் குதிப்பாங்க, எங்க தயங்குவாங்க, எல்லாம். முன்னோட்டத்துல ஒரு துணை வரட்டும். பாக்கறவங்களோட பழைய ஆள் நடக்கற மாதிரியே நடக்கட்டும்."

"பழைய ஆள்னா யாரு சார்? நிறையப் பேரோட வெளையாடியிருப்பாங்களே" என்று கேட்டேன்.

"சோதிச்சுப் பாத்தாச்சு. ரொம்ப நாளா வராதவங்க வந்தாத்தான் பாக்கறவங்களுக்கு நெஞ்சு படபடங்குது. அதனால யாரு ரொம்ப நாளா வரலியோ அவங்க."

"இது விளையாட்டுல வருமா?"

"எப்படி வரும்? நாலு நிமிஷம் ஓட்டறதுக்கே மெஷின் மூச்சு வாங்குது. அதான் உன் வரி இருக்கே."

எல்லோரும் சிரித்தோம். நானும்தான். அந்த ஆட்கள் ஏன் ரொம்ப நாளாக வரவில்லை என்று பன்னிரண்டு பேரில் ஒருவரும் கேட்கவில்லை. கல்யாணமாகிப் போயிருப்பார்கள், வெளியூரில் வேலை கிடைத்திருக்கும் என்று நினைத்தோம் என்று சொல்லத்தான் ஆசை. உண்மையில் நாங்கள் நினைக்கவே இல்லை.

விழா நடந்தது. கறுப்புச் சட்டைக்காரர் இரண்டடி வைத்தார், தலையைச் சொறிந்தார், திரும்பி வந்தார். முப்பத்தெட்டு லட்சம் பேர் முப்பத்தெட்டு லட்சம் வேறு வேறு முன்னோட்டங்களைப் பார்த்தார்கள். ஒரு மலைப்பாதை, மஞ்சள் வெயில், முன்னால் ஓர் உருவம். முகம் இல்லை, முதுகு மட்டும். ஆனால் நடை தெரிந்த நடை. மறுநாள் காலை அறிக்கை வந்தது. வரியின் மேல் கண் பட்டவர்கள்: பூஜ்யம். ஸ்ரீவத்சன் என் மேஜையில் ஒரு பெட்டி முந்திரி கேக் வைத்துவிட்டுப் போனார். நான் நான்கு துண்டு சாப்பிட்டேன்.

பதினான்கு மாதம் கழித்து விளையாட்டு வெளிவந்தது. நானூறு ஊர் இருந்தது, ஆறு இருந்தது, காடு இருந்தது. துணை இல்லை. கடிதங்கள் கொட்ட ஆரம்பித்தன. கோபக் கடிதங்கள் எனக்குச் சுலபம். திட்டுகிறவர்களுக்குப் பதில் எழுதுவதில் எனக்கு நல்ல பழக்கம் இருந்தது. ஆம்பூரிலிருந்து வந்த ஒரு கடிதத்தில்தான் கோபமே இல்லை.

நஸீஹா என்று பெயர், வயது பத்தொன்பது, ஷூ கம்பெனியில் வேலை. "முன்னோட்டத்தில் என் தம்பி இம்தியாஸ் வந்தான். கதவைப் பார்த்தால் இரண்டு தடவை குதித்துவிட்டுத்தான் உள்ளே போவான். அவனேதான். அவன் மவுத்தாகி, அடக்கம் செய்து மூன்று வருடம் ஆகிறது. உங்கள் கம்பெனிக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. விளையாட்டில் அவன் எந்த ஊரில் வருவான் என்று மட்டும் சொல்லுங்கள்."

இப்படிப்பட்ட கேள்விகளுக்கு நான் ஒரு பொதுப் பதில் எழுதி வைத்திருந்தேன். யார் கேட்டாலும் என் பெயரோடு தானாகப் போகும். "தூரதேசத்தின் ஒவ்வொரு மூலையிலும் ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது. தேடிக்கொண்டே இருங்கள்!" ஆச்சரியக்குறியும் நான் போட்டதுதான்.

நான்கு மாதம் கழித்து அவளிடமிருந்து இரண்டாவது கடிதம். "அக்கா, நீங்கள் சொன்ன மாதிரி தேடிக்கொண்டிருக்கிறேன். இருநூற்றுப் பதினொரு ஊர் முடிந்துவிட்டது. எல்லாக் கதவு முன்னாலும் கொஞ்ச நேரம் நின்று பார்க்கிறேன். கம்பெனியில் டபுள் ஷிப்ட் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இன்னும் எவ்வளவு தூரம் என்று மட்டும் சொன்னால் போதும்."

அதற்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். எழுந்துவிட்டேன். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் அந்தக் கடிதத்தை வேறொரு கோப்பில் போட்டு, அந்தக் கோப்பைத் திறக்காமல் இருந்தேன். என் கண்ணிலிருந்து நானே ஒரு வரியை நழுவ வைத்தேன் என்று அப்போது தோன்றவில்லை, இப்போது தோன்றுகிறது.

ரசிகர்கள் ஒன்றுசேர்ந்து நுகர்வோர் ஆணையத்துக்குப் போனார்கள். அந்த மாதிரி ஒரு வரியை நாங்கள் யாரும் பார்க்கவே இல்லை, கம்பெனி காட்டவே இல்லை என்று வழக்கு. கம்பெனி வக்கீல் ஸ்ரீவத்சனிடம் சொன்னார், "வரிய நான் பாத்தேன், படிச்சேன், புரிஞ்சுது, அப்படின்னு ஒரே ஒரு பார்வையாளர் கையெழுத்துப் போட்டா போதும். கேஸ் காலி." முப்பத்தெட்டு லட்சம் பேரில் ஒருவரும் இல்லை என்பது எங்களுக்குத்தான் தெரியும். இரண்டு வாரம் எல்லோரும் முழித்துக்கொண்டிருந்தோம்.

அப்போது கோயம்புத்தூரிலிருந்து தபாலில், காகிதத்தில், ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் நாச்சிமுத்து, அந்த ஊரில் கணபதி என்ற பகுதி. லேத் பட்டறை வைத்திருந்து ஓய்வுபெற்றவர். "உங்கள் மேல் வழக்குப் போட்டிருப்பதாகச் செய்தியில் பார்த்தேன். எனக்கு வருத்தம். வராது என்று நீங்கள் தெளிவாக எழுதித்தானே போட்டிருந்தீர்கள். நான் படித்தேனே."

ஸ்ரீவத்சன் அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆடினார். உண்மையிலேயே ஆடினார். "எஸ்தர், நீயே போ. உன் வரி, உன் சாட்சி. கையெழுத்தோட வா."

"அறிக்கையில இவரும் பாக்கலைன்னுதானே சார் இருக்கு?"

"அறிக்கைய யாரு கேட்டா? மனுஷனே சொல்றாரு."

கணபதியில் பூட்டிக் கிடந்த பட்டறைக்குப் பின்னால் இரண்டு அறை வீடு. நாச்சிமுத்து கதவைத் திறந்து என் கழுத்திலிருந்த அடையாள அட்டையைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. "வாங்க அம்மிணி, வாங்க. மெட்ராஸ்ல இருந்து இதுக்குன்னே வந்தீங்களா? ஒரு போன் போட்டிருந்தா நானே வந்திருப்பனுங்களே." அறுபத்தெட்டு வயது இருக்கும். டீ போட்டுக் கொடுத்தார். சுவரோரம் இரண்டு நாற்காலி, கையில் பிடித்து விளையாடும் கட்டைகள் இரண்டு. ஒன்று தேய்ந்திருந்தது, இன்னொன்றின் மேல் ஒரு கைக்குட்டை மூடியிருந்தது.

"எங்க ஊட்டுக்காரம்மா தங்கமணியோடது" என்றார். "முட்டி ஆபரேசன் பண்ணி உக்காந்தப்ப பேரன் வாங்கிக் குடுத்தான். அவளுக்கு ஒண்ணும் வெளையாடத் தெரியாதுங்க. முன்னால வெடுக்கு வெடுக்குன்னு போவா. போயிட்டு மூணு தடவ திரும்பித் திரும்பிப் பாப்பா, நான் வர்றனா இல்லியான்னு. நெசத்துலயும் கடைவீதிக்குப் போனா அப்படித்தான்."

"முன்னோட்டத்துல அவங்கதான் வந்தாங்களா ஐயா?"

"அவளேதான். திரும்பிப் பாத்தா பாருங்க, நான் எந்திரிச்சு நின்னுட்டேன்." நிறுத்தி, டீயை ஒரு வாய் குடித்தார். "அப்பறம் அந்த எழுத்தப் படிச்சேன். வலது பக்கம், ஆடாம அசையாம நின்னுட்டே இருந்துச்சு. இடம்பெறாமப் போகலாம். செரி, இது இந்தக் கொஞ்ச நேரந்தான், இதுக்கு மேல கெடையாதுன்னு மனசத் திடம் பண்ணிக்கிட்டேன். கண்ணச் சிமிட்டாமப் பாத்தேன். முடியறப்ப கையத் தூக்கி, போயிட்டு வா தங்கமணின்னு சொன்னேன். அவ போன அன்னிக்கு நான் ஆஸ்பத்திரி கேன்டீன்ல இருந்தனுங்க. சொல்ல முடியல. இங்க சொன்னேன்."

நான் டீ டம்ளரைக் கீழே வைத்தேன்.

"மத்த கம்பெனிக்காரன் ஏமாத்தியிருப்பான்" என்றார். "நீங்க நேர்மையா எழுதிப் போட்டீங்க. அதனாலதான் அந்த வெளையாட்ட வாங்கினேன். கூடப் பட்டறை வெச்சிருந்தவங்க நாலு பேர்த்துகிட்டயும் சொல்லி வாங்க வெச்சேன். அந்த எழுத்த வெக்கணும்னு நெனச்ச மனுசன் யாருன்னு தெரிஞ்சா ஒரு கும்பிடு போடணும் அம்மிணி."

வக்கீல் தயார்செய்து கொடுத்த தாளை நீட்டினேன். "படிக்கற கண்ணாடிய எடுத்துட்டு வந்தர்றனுங்க" என்று திரும்பினார். அப்போதுதான் பார்த்தேன். வலது கண் அலமாரிக்குப் போயிற்று, இடது கண் ஜன்னல் பக்கமே நின்றது.

"ஐயா, உங்க இடது கண்..."

"இதுங்களா? இருபத்தெட்டு வயசுல லேத்துல இரும்பு தெறிச்சுப் போச்சு. வெச்சிருக்கறது பொய்க்கண்ணு. மாட்டினவன் செரியா மாட்டல, எப்பவும் இடப்பக்கமாவே பாக்கும். பக்கத்து ஊட்டையே பாக்கறீங்கன்னு தங்கமணி சண்டைக்கு வருவா." சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் கேமரா நாலு நிமிடமும் அந்தப் பொய்க்கண்ணைத்தான் பின்தொடர்ந்திருக்கிறது. அது இடப்பக்கம் பார்த்துக்கொண்டு அசையாமல் இருந்ததால், வரியும் வலப்பக்கம் அசையாமல் நின்றுவிட்டது. அவருடைய நல்ல கண் அதை நிதானமாகப் படித்திருக்கிறது. முப்பத்தெட்டு லட்சம் பேரில் எங்களால் ஏமாற்ற முடியாமல் போனது ஒருவரைத்தான். அவர்தான் எங்களை யோக்கியர்கள் என்கிறார்.

தாளை மடித்துப் பையில் வைத்தேன். நன்றி சொன்னேன். வாசலில் செருப்பையும் மாட்டிவிட்டேன். நான் போயிருப்பேன். அதைச் சொல்லாமல் விட்டால் இதுவும் ஒரு முன்னோட்டமாகிவிடும்.

கதவைப் பிடித்துக்கொண்டு அவர் சொன்னார், "எனக்கு ஒண்ணுதானுங்க புரியல. எல்லாரும்தான் படிச்சிருப்பாங்க. படிச்சுப்போட்டு இப்ப பாக்கலைன்னு பொய் சொல்றாங்களே, கூசாதா? பேராசை புடிச்சதுக."

எனக்கு இருநூற்றுப் பதினொரு ஊர் ஞாபகம் வந்தது.

செருப்பைக் கழற்றினேன். "ஐயா, கொஞ்சம் உக்காருங்க" என்றேன். அவருடைய வீட்டில் அவரையே உட்காரச் சொல்லிவிட்டு, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கேமரா, இமைப்பு, ஓடுகிற வரி, பூஜ்யம், பொய்க்கண். துணை எப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டது என்பதையும் சொன்னேன். முடித்ததும் அவர் கைக்குட்டை போட்ட அந்தக் கட்டையைப் பார்த்தார்.

"அப்ப எனக்கு நல்ல கண்ணு இருந்திருந்தா தெரிஞ்சிருக்காது."

"தெரிஞ்சிருக்காது ஐயா."

"அந்த மத்தவங்க... அவங்க ஆளுக வந்தப்ப, இதான் கடைசின்னு அவங்களுக்குத் தெரியாது. யாருமே போயிட்டு வான்னு சொல்லியிருக்க மாட்டாங்க."

"மாட்டாங்க."

"இன்னும் தேடிட்டு இருப்பாங்க."

"ஒரு பொண்ணு தேடுது. எனக்குத் தெரிஞ்சே தேடுது" என்றேன். அழுகை வந்தது. அவர் சமாதானப்படுத்தவில்லை. அப்படிச் செய்யாததுதான் சரி.

"அந்த எழுத்த அப்படி வெக்கச் சொன்னது யாரு?"

"நான்தான்."

நல்ல கண்ணால் என்னைப் பார்த்தார். "கும்பிடு போடணும்னு சொன்னேன்ல அம்மிணி. அது வேண்டாமுங்க."

தாளைத் திருப்பி வாங்கினார். கையெழுத்துக்குக் கீழே, பட்டறையில் அளவு குறிக்கிறவரின் சதுர எழுத்தில், தன் கண் பொய்க்கண் என்றும், அதனால் மட்டுமே வரி தனக்குத் தெரிந்தது என்றும், இதைச் சொன்னது கம்பெனி ஊழியர் எஸ்தர் என்றும் எழுதினார். என் பெயரை எழுதும்போது தலை நிமிர்ந்து, "போடலாங்களா?" என்று கேட்டார். போடச் சொன்னேன். மறுபடியும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். வாசல் வரைக்கும் வரவில்லை.

ரயில் ஏறியதும் ஸ்ரீவத்சன் கூப்பிட்டார். "கையெழுத்து வாங்கிட்டியா?"

"வாங்கிட்டேன் சார். ரெண்டு கையெழுத்து. நடுவுல அவரே கொஞ்சம் எழுதியிருக்கார்."

"என்ன எழுதியிருக்கார்?"

படித்துக் காட்டினேன். அவர் மெதுவாகச் சொன்னார். "அந்தப் பேப்பர ட்ரெயின்லயே மறந்துட்டு வந்துடு. ஞாபகமறதி எல்லாருக்கும் உண்டு."

"போட்டோ எடுத்து ரசிகர்களோட வக்கீலுக்கு அனுப்பிட்டேன் சார்."

"நாளைலேருந்து வராத."

"சரி சார்."

அதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை. வக்கீலுக்கு ஒரு படம் அனுப்ப ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். ஆறு வருடம் கழித்து அழுத்தினேன். கஷ்டமான காரியம் அந்தக் கோப்பில் இருந்தது.

ஊழியர் கணக்கை இன்னும் முடக்கவில்லை. ஈரோடு தாண்டியதும் கோப்பைத் திறந்தேன். நஸீஹாவுக்கு மூன்று வாக்கியம் எழுதினேன். "உங்கள் தம்பி அந்த விளையாட்டில் இல்லை. எந்த ஊரிலும் வரமாட்டான். தேடச் சொன்னது என் தப்பு." அனுப்பினேன். அவள் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி இருந்தது. விளையாடிக்கொண்டிருந்தாள். செய்தி காட்டப்பட்டது என்று வந்தது. படிக்கப்படவில்லை என்றும் வந்தது. மறுபடி அனுப்பினேன். காட்டப்பட்டது. படிக்கப்படவில்லை. சேலத்தில் ஒரு தடவை, மொரப்பூரில் ஒரு தடவை. அப்புறம்தான் எனக்கு உறைத்தது. ஆட்டத்தில் இருப்பவர்களைத் தொந்தரவு செய்யக்கூடாது. என் செய்தி அவள் கண்ணைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது. அவள் இடப்பக்கத்துக் கதவைப் பார்த்தால் வலப்பக்கம் போகும், வலப்பக்கத்துக் கதவைப் பார்த்தால் இடப்பக்கம்.

சென்னைக்கு எடுத்த டிக்கெட்டை விட்டுவிட்டு ஜோலார்பேட்டையில் இறங்கி, ஆம்பூருக்கு பஸ் பிடித்தேன். கண்ணாடி அனுப்பிய விலாசம் கணக்கில் இருந்தது. அதை எடுத்ததும் தப்புதான், ஆனால் செய்த தப்புகளில் அது சின்னது.

சாயங்கால வெயில் இன்னும் இருந்தது. ஒடுக்கமான தெரு, பச்சை பெயின்ட் அடித்த கதவு. தட்டினேன். ஒல்லியான பெண் ஒருத்தி திறந்தாள். எங்கள் கண்ணாடியை நெற்றிக்கு மேல் ஏற்றி விட்டிருந்தாள். மூக்கின் இரண்டு பக்கமும் அது அழுத்திய தடம் சிவந்திருந்தது. அவள் பார்வை என் கழுத்துக்குப் போயிற்று. அடையாள அட்டையைக் கழற்ற நான் மறந்திருந்தேன்.

"கனல் கம்பெனியா? நீங்கதான் பதில் போட்ட அக்காவா?" வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு உள்ளே இருந்த தாயிடம் திரும்பிக் கத்தினாள். "அம்மி, கம்பெனிலேருந்து நேர்லயே வந்துட்டாங்க!" என் கையைப் பிடித்து உள்ளே இழுத்து, நாற்காலியில் கிடந்த துணியை அள்ளிப் போட்டுவிட்டு உட்காரச் சொன்னாள். நான் உட்காரவில்லை.

"முந்நூத்தி ஆறு ஊர் ஆயிடுச்சுக்கா. இன்னும் தொண்ணூத்தி நாலுதான். எந்த ஊர்ல வருவான்னு சொல்லத்தானே வந்தீங்க?"

அவளுடைய இரண்டு கண்ணும் என் முகத்தில் இருந்தன. எந்தப் பக்கமும் போகவில்லை. நான் நகராமல் நின்று, சொன்னேன்.